மீனம்மாவின் நல்ல இலை

டயகமவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், பஸ் திரும்பி நிற்கிற இடத்துக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பேர் வேண்டாம். சொன்னால் அந்தத் தோட்டத்துக் கண்டாக்கையாவுக்குக் கோபம் வரும். ஏன் வரும் என்பது போகப் போகத் தெரியும். அங்கே மேல் லயத்தில், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், மூன்றாவது காம்பராவில் இருப்பவள் மீனம்மா. பதினெட்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டினாள். இப்போது நாற்பத்தொன்பது. நடுவில் இரண்டு பிள்ளைப்பேறு, ஒரு கால் முறிவு. அதைத் தவிர அந்தக் கூடை இறங்கியதில்லை.

அவள் பறிப்பதைப் பார்க்க வேண்டும். வாய் பக்கத்து நிரைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கண் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கைகள் இரண்டும் அவளிடம் எதையும் கேட்காமல் தம்பாட்டுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் தூங்கும்போதுகூட அவளுடைய கட்டைவிரல் போர்வை நுனியைக் கிள்ளுகிறது என்று புருஷன் வீரய்யா சொல்வான். வீரய்யா தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்கிறவன். கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான், ஆனால் இது உண்மை.

இப்படிப்பட்ட கைக்காரிக்கும் கொழுந்து மடுவத்தில் மரியாதை கிடையாது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அங்கே தராசுக்குப் பக்கத்தில் கண்டாக்கு முத்துலிங்கம் நிற்பார். தோட்டத்து மேனேஜரான தொரைக்கு அடுத்தபடியாகத் தேயிலை மலைகளைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகத்தர் அவர். ஒவ்வொருத்தி சாக்கிலும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். முத்தின இலை ஒன்று அகப்பட்டால் போதும், அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, பிறகு கீழே போட்டு, செருப்பால் ஒரு தேய்ப்பு.

"ஏய் மீனம்மா, இது என்னா, மாட்டுக்குப் பறிச்சியா? நல்ல எலையாப் பாத்துப் பறின்னு எத்தன தரம் சொல்றது?"

மழையில் விறைத்த விரலில் நாலு முத்தல் விழத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும். அவளைவிட நாலு வயது இளையவர் வேறு. ஆனாலும் அவர் வாயில் 'வாங்க', 'போங்க' என்பதெல்லாம் பங்களாவுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு மட்டும்தான். மீனம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். முப்பத்தொரு வருடமாக ஒன்றும் சொல்லாமல் இருந்ததில், 'நல்ல இலை' என்றால் உச்சியில் நிற்கிற இளங்கொழுந்து, 'கழிவு' என்றால் கீழே நிற்கிற முத்தல் என்ற பாடம் அவளுடைய எலும்புக்குள் போய்விட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துக்குக் கீழே ஒரு சரிவு உண்டு. சில வருடங்களுக்கு முன் தோட்ட நிர்வாகம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரக்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி லயத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தன் கையில் ராசியில்லை என்று வீரய்யா பெண்சாதியை எடுக்கச் சொன்னான். வந்தது பதினாலாம் நம்பர். சரிவின் அடியில், ஓடைக்கரையில், குழியாகக் கிடக்கும் துண்டு அது. மண் கறுப்பு, தண்ணீர் கைக்கெட்டும் தூரம். முதலில் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. முதல் ஜனவரியிலேயே அந்த எரிச்சல் அணைந்துபோனது. ஏனென்றால் மலையில் உள்ள குளிரெல்லாம் இரவில் இறங்கி வந்து அந்தப் பள்ளத்தில்தான் தங்குகிறது. மேல் துண்டுகளில் உருளைக்கிழங்கு பச்சையாக நிற்கும்போது மீனம்மாவின் உருளைக்கிழங்கு வெந்த கீரை மாதிரி கறுத்துப் படுத்திருக்கும். பனி சுட்டுவிட்டது என்பார்கள். குளிர் எப்படிச் சுடும் என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

அவள் விடவில்லை. அடுத்த வருடம் போஞ்சி போட்டாள், பனி சுட்டது. லீக்ஸ் போட்டாள், ஓடை ஈரத்தில் வேர் அழுகியது. மறுபடி கிழங்கு போட்டாள், மறுபடி சுட்டது. 'பனிக்குழி' என்று அந்தத் துண்டுக்குப் பேரே வந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அந்தத் தோட்டத்தில் எத்தனையோ ஆயிரம் தேயிலைச் செடிகளை அவள் தொட்டிருக்கிறாள், ஒன்றுகூட அவளுடையதில்லை. அந்தப் பள்ளத்தில் மட்டும்தான் என்ன போடலாம், எங்கே போடலாம் என்று யாரையும் கேட்காமல் நிற்க முடிந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீரய்யாவுக்கு மட்டும் தெரியும்.

போன ஆவணி மாதம் முத்துலிங்கம் கையில் பட்டியலோடு லயத்துக்கு வந்தார்.

"பதினாலாம் நம்பர் யாருது? ஒன்னுதா? மூணு வருசமா ஒரு பயிரும் நிக்கலைன்னு எழுதியிருக்கு. பெப்ரவரி மாசம் தொரை பாக்க வருவாரு. அன்னைக்குப் பயிர் நின்னா ஒனக்கு. இல்லாட்டி துண்டு தோட்டத்துக்கு. டர்பன்டைன் மரம் வெக்கப் போறாங்க."

"பெப்ரவரியிலதானங்கய்யா பனி கடுமையா இருக்கும்" என்றாள் மீனம்மா.

"அதுக்கு நான் என்னா செய்ய? பனியையா பெரட்டுக்கு வராதேன்னு சொல்ல?"

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற கூட்டம். சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மீனம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மரத்தை நட்டால் அதன் வேர் பள்ளத்து ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிடும், பிறகு அங்கே ஒரு புல்கூட வராது என்று வீரய்யாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் லிந்துலையிலிருந்து நஸாருடைய மரக்கறி லொறி மேலே வரும். லயத்து ஆட்கள் விளைவிப்பதை வாங்கி நுவரெலியா ஹோட்டல்களுக்குக் கொடுக்கிற முதலாளி அவர். முதலாளி என்றாலும் மூட்டையைத் தானே தூக்குவார்; லயத்தில் அண்ணன் முறைக்கு 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். மீனம்மாவிடம் வாங்குவதற்கு எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் அவள் கொடுக்கிற வெறும் தேத்தண்ணியைக் குடிக்காமல் லொறியை எடுக்கமாட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னாள்.

நஸார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு லொறிக்குப் போய், முன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு விதைப் பைக்கற்றை எடுத்து வந்தார். படத்தில் கரும்பச்சையாக, ஓரமெல்லாம் சுருண்டு சுருண்டு, அயர்ன் பண்ணாத பாவாடை மாதிரி ஓர் இலை.

"இதுக்குப் பேரு கேல், தங்கச்சி. முட்டைக்கோவா ஜாதிதான். ஆனா தலை கட்டாது, எலை மட்டும்தான். வெள்ளைக்காரன் நாட்டுல பனி மலையாட்டம் விழுமாம், அதுக்குள்ளேயும் இது நின்னுகிட்டு ஈக்குமாம். ஹோட்டல் குக்குமார் கேட்டுக்கிட்டே ஈக்காங்க. போட்டுப் பாருங்க."

"பனி சுடாதா நானா?"

"நான் பாத்ததில்ல. பொய் சொல்லக் கூடாது. பைக்கட்டுல அப்பிடித்தான் போட்டிருக்கு."

நம்பிக்கை கொடுக்கிற பேச்சு இல்லைதான். ஆனால் மீனம்மாவுக்கு அந்தப் பதிலில் இருந்த நேர்மை பிடித்துவிட்டது.

புரட்டாதியில் நாற்றுப் போட்டு, ஐப்பசி மழையில் இருநூறு நாற்றைப் பிடுங்கி நட்டாள். பக்கத்துக் காம்பராக் கிருஷாந்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுக்காரி, மீனம்மாவோடு ஒரே மலையில் பறிக்கிறவள். மனசில் ஒன்றுமில்லை, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

"என்னா நட்டிருக்கீங்க மீனம்மாக்கா?"

"கேல்."

"கேலா? பேரே கேலியா இருக்கே."

அன்று முதல் லயம் முழுக்க அதே பேச்சு. 'கேலி எப்படி இருக்கு?', 'கேலி தலை கட்டிருச்சா?' என்று போகிறவன் வருகிறவனெல்லாம் விசாரித்தான். தலை கட்டாத கோவாவை நட்டுவிட்டு யாராவது காத்திருப்பார்களா என்று பெரியவர்கள் வீரய்யாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அவ நட்டிருக்கா, அவளையே கேளுங்க" என்று அவன் நழுவிக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு நாளும் பெக்டரியிலிருந்து வந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கியது அவன்தான். பச்சைப் புழு இலைக்கு அடியில் அப்பிக்கொண்டு கிடந்தது. மீனம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் புழுவை நசுக்கினாள். அவன் சாம்பல் தூவினான். கார்த்திகை மாதக் கடைசியில் செடிகள் முழங்காலுக்கு வந்துவிட்டன. படத்தில் பார்த்த அதே சுருட்டை, அதே கரும்பச்சை.

நஸார் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். "அல்ஹம்துலில்லாஹ். திங்கக்கெழம எடுத்து வைங்க தங்கச்சி, செவ்வாய் வாறேன். நல்ல எலையாப் பாத்துப் பறிங்க."

நல்ல இலையாகப் பார்த்து.

நஸார் வியாபாரி. அவருக்கு நல்ல இலை என்றால் பெரிய, ஓட்டையில்லாத இலை. ஆனால் கேட்டது மீனம்மா. திங்கட்கிழமை மலையிலிருந்து வந்ததும் கூடையோடு பள்ளத்தில் இறங்கினாள். நிரை பிடித்தாள். வாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கிருஷாந்தியோடு பேசிக்கொண்டிருந்தது. கைகள் தம்பாட்டுக்கு ஒவ்வொரு செடியின் உச்சியையும், நடுவில் மடங்கி நின்ற இளங்குருத்தையும் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டன. கீழே விரிந்து நின்ற பெரிய இலைகளை அவை தொடவே இல்லை. இருநூறு செடி. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுத்தமான கூடையை முத்துலிங்கம் பார்த்தால் என்ன சொல்வார் என்றுகூட அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நஸார் கூடையைப் பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். உச்சி போன இருநூறு செடியும் மொட்டையடித்த தலைகளாக நின்றன.

"என்ன தங்கச்சி செஞ்சிருக்கீங்க?" என்றார் மெதுவாக. "ஹோட்டல்ல கேக்குறது கீழ் எலையல்லோ. அத அடியிலேருந்து ஒண்ணொண்ணா ஒடிக்கணும். உச்சிய விட்டுடணும். உச்சி ஈந்தாத்தானே மேல மேல எலை வரும்."

மீனம்மா செடியையும் பார்க்கவில்லை, கூடையையும் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பெப்ரவரிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

செய்தி லயத்துக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கிருஷாந்தி இருக்கும்போது கேட்கவே வேண்டாம். "மீனம்மாக்கா கோவாவுக்குப் பெரட்டு வச்சு கொழுந்து எடுத்துட்டாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மடுவத்தில் முத்துலிங்கமும் விடவில்லை. "மலையில முத்தல் பறிக்கிற, மரக்கறியில கொழுந்து பறிக்கிற. எல்லாம் தலகீழாவா செய்வ?" அன்று முழு மடுவமும் சிரித்தது. மீனம்மாவும் சிரித்துவைத்தாள். காம்பராவுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது வெட்கத்தில் வந்த அழுகையில்லை, ஆத்திரத்தில் வந்தது.

அழுது முடித்தபின் அவளுக்கு ஒன்று தோன்றியது. வீரய்யா ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் வைக்கப் போனவன், அவள் திடீரென்று பேசியதில் கையை நிறுத்தினான்.

"ஏங்க, தேயிலையில உச்சியக் கிள்ளுனா என்னா ஆகும்?"

"பக்கத்துல தளிர் விடும். இது என்னா கேள்வி?"

"அப்ப இதுவும் விடும்."

"இது தேயிலையா மீனா?"

"செடிதானே" என்றாள் மீனம்மா.

கீழ் இலைகளில் பாதியை அவள் தொடாமல் விட்டாள், செடிக்கு மூச்சு வேண்டுமே என்று. மிச்சப் பாதியை நஸார் சொன்ன மாதிரி அடியிலிருந்து ஒடித்துக் கொடுத்தாள். ஆட்டு எருவைச் செடிச் செடியாக வைத்தாள். பதினைந்து நாள் ஒன்றுமே தெரியவில்லை. பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, இலைக் காம்பு தண்டில் ஒட்டுகிற இடத்தில் பச்சைப் பயறு அளவில் ஒரு முளை. பக்கத்துச் செடியிலும் ஒன்று. எல்லாச் செடியிலும். தைப்பொங்கலுக்குள் ஒவ்வொரு தண்டிலும் நாலு, ஐந்து கிளை. ஒற்றைக் கம்பாக நின்ற செடி, கவ்வாத்து வெட்டிய தேயிலை தளிர்த்த மாதிரி அடர்ந்து புதராக நின்றது. நஸார் வந்து பார்த்துவிட்டு, இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று பைக்கற்றில் போடவில்லையே என்றார். கைகள் செய்த பிழையை அதே கைகளின் அனுபவம் சரிசெய்துவிட்டது. மீனம்மா அதை இப்படியெல்லாம் சொல்லவில்லை. "பாத்தீங்களா" என்று மட்டும் வீரய்யாவிடம் சொன்னாள். ஆனால் எட்டுத் தடவை சொன்னாள்.

ஜனவரிக் கடைசியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் எண்ண முடியாத நட்சத்திரம். இந்த மலையில் ராத்திரி நட்சத்திரம் அதிகம் தெரிந்தால் விடியும்போது பனி விழும். பட்டிப்பொல ஸ்டேஷனில் தண்டவாளமே வெளுத்துக் கிடந்ததாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு பெப்ரவரி மூன்றாம் தேதி, ஒரு திங்கட்கிழமை, விடியும்போது மீனம்மா கதவைத் திறந்தாள். முற்றத்துப் புல் வெள்ளையாக இருந்தது. தகரக் கூரை வெள்ளையாக இருந்தது. பீப்பாய்த் தண்ணீரின் மேல் ஒரு ஐஸ் தகடு படிந்திருந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சூரியன் வருமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவினால் பயிர் பிழைக்கும் என்று மேல் துண்டுக்காரர்கள் ஏற்கெனவே தெளித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் இறங்கியதும் அவளுடைய கால் நின்றுவிட்டது. இருநூறு செடியும் உப்பில் புரட்டி எடுத்த மாதிரி நின்றன. ஒரே ஓர் இலையைத் தொட்டாள். அப்பளம் மாதிரி மளுக்கென்று உடைந்து கையோடு வந்துவிட்டது. இனித் தண்ணீர் தெளித்தால் எல்லாம் உடைந்துபோகும். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, கையில் இருந்த இலைத்துண்டை வாயில் போட்டு மென்றாள். குளிரில் பல் கூசியது. பிறகு இனித்தது. கேல் கொஞ்சம் கசக்கும். போன மாதம் தேங்காய்ப்பூவும் மாசிக் கருவாடும் போட்டுச் சுண்டியபோதுகூட அடிநாக்கில் அந்தக் கசப்பு இருந்தது. இப்போது அது இல்லை. இன்னொரு துண்டை மென்றாள். அதுவும் இனித்தது. பனி சுட்ட கிழங்குச் செடியை அவள் எத்தனையோ தடவை கையில் எடுத்து முகர்ந்திருக்கிறாள். அதில் ஒரு நாற்றம் வரும். இதில் அது இல்லை. எழுந்து நின்று பள்ளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

எட்டரை மணிக்குத் தொரை வந்துவிட்டார். வருவதாக இருந்தது அடுத்த வாரம். பனி தேயிலையைச் சுட்டிருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பியவர், அப்படியே துண்டுகளையும் பார்த்துவிடலாம் என்று முத்துலிங்கத்தோடு இறங்கினார். இதைவிட மோசமான நேரம் கிடையாது. அதற்குள் பனி இளகிவிட்டது. ஆனால் மலை நிழல் பள்ளத்தை விட்டு விலகவில்லை. வெள்ளையாக விறைத்து நின்ற இலையெல்லாம் இப்போது கறுத்து, ஈரத்துணி மாதிரித் தண்டோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுவும் போச்சு சேர்" என்றார் முத்துலிங்கம். பட்டியலில் பதினாலாம் நம்பருக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு மீனம்மா பக்கம் திரும்பினார். "சொன்னேனா இல்லையா?"

மீனம்மா அவரைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, கண்டாக்கைத் தாண்டித் தொரையிடம் நேராகப் பேசினாள், சந்தையில் பழகிய சிங்களத்தில்.

"பொட்டக் இன்ன, சேர்." கொஞ்சம் பொறுங்கள் என்று. மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னாள், தொரைக்குத் தமிழ் புரியும். "இது சாகல சேர். செத்த எலை இனிக்காது. நான் தின்னு பாத்தேன். வெயில் இன்னும் பள்ளத்துக்கு வரல. நீங்க ஏழாம் நம்பர் மலையப் பாத்துட்டு இந்த வழியாத்தானே திரும்புவீங்க. அப்ப வந்து பாருங்க. அப்பவும் இப்பிடியே கெடந்தா நானே டர்பன்டைன் கன்னு நட்டுத் தாறேன்."

முத்துலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொரை கையை உயர்த்தினார். பொம்பளை முகத்தில் என்னத்தைப் பார்த்தாரோ, தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

பிறகு இரண்டரை மணி நேரம். அன்றைக்குப் பெரட்டே கலைந்துவிட்டது. ஏழாம் நம்பர் மலை, ஒன்பதாம் நம்பர் மலை எல்லாம் நெருப்பு வைத்த மாதிரி சிவந்து கிடந்தன, பறிக்க ஒன்றுமில்லை. வேலையில்லாமல் நின்ற பெண்களெல்லாம் சரிவின் மேலே கூடிவிட்டார்கள். மேல் துண்டுகளில் தண்ணீர் தெளித்தும் கிழங்கு கறுத்துப் படுத்துவிட்டது, போஞ்சி படுத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வெயில் சரிவில் ஒவ்வொரு வரம்பாக இறங்கி வந்தது. மீனம்மா பள்ளத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்தபடியே இருந்தாள். வெயில் முதல் நிரையைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. வீரய்யா பெக்டரியிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் நின்றான். அவள் தோளில் தன்னுடைய கோட்டைப் போட்டான்.

முதலில் பார்த்தது கிருஷாந்திதான். மேலே நின்றதால் அவளுக்கு முழுப் பள்ளமும் தெரிந்தது.

"மீனம்மாக்கா" என்று கூப்பிட்டாள். குரலில் கேலி இல்லை. "எந்திரிக்குதுக்கா."

ஆமாம், எழுந்தன. தொங்கிக்கொண்டிருந்த இலை ஒவ்வொன்றும் காம்பிலிருந்து நிமிர்ந்து, கறுப்பு வெளுத்துப் பச்சையாகி, ஓரத்துச் சுருட்டை விறைத்துக்கொண்டு எழுந்தது. முதல் நிரை, இரண்டாம் நிரை, ஓடைக்கரையில் கடைசி நிரை. தொரையும் முத்துலிங்கமும் வளைவில் திரும்பியபோது, சுட்டுப்போன அந்த மலை முழுவதிலும் பச்சையாக நின்றது பனிக்குழி ஒன்றுதான்.

மீனம்மா அடி இலை ஒன்றை ஒடித்து, உதறி, தொரையிடம் நீட்டினாள். அவர் மென்றார். இன்னொரு கடி கடித்தார். "ஹரி ஷோக்", ரொம்ப நல்லா இருக்கு என்று, மூன்று தடவை சொன்னார். பட்டியலை வாங்கிப் பதினாலாம் நம்பர் கோட்டைத் தானே அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தத் துண்டில் மரம் வைக்கிற பேச்சை இனி எடுக்கக் கூடாது என்று கண்டாக்கிடம் சொன்னார். சரிவில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். மீனம்மா வீரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அத்தனை பேருக்கும் முன்னால். சந்தோஷம் தாங்கவில்லை; அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நஸார் லொறியை நிறுத்துமுன்பே கத்திக்கொண்டு வந்தார். சுற்றுவட்டாரத்தில் சலாது இலையெல்லாம் கருகிவிட்டதாம், ஹோட்டல்காரர்கள் பச்சை எதுவானாலும் கொண்டுவா என்கிறார்களாம், இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கொள்வேன் என்றார். மலையில் வேலையில்லாமல் இருந்த பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். கிருஷாந்தி முன்னால் வந்தாள். கூடையை மாட்டி, நிரையில் நின்று, பழக்கத்தில் கையை உச்சிக்குக் கொண்டுபோனாள்.

"கொழுந்தத் தொடாதீங்க" என்றாள் மீனம்மா. வரம்பின் மேல் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "யாரும் கொழுந்தத் தொடக் கூடாது. அடியிலேருந்து முத்தின எலைய ஒடிங்க. அதுதான் நல்ல எலை."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், ஓடைச் சத்தமே அமுங்கிப்போனது. முத்தல் பறிக்கச் சொல்கிற ஒரு மனுஷியை அவர்கள் பிறந்தது முதல் பார்த்ததில்லை. அன்றைக்கு எல்லோரும் ஆசை தீர முத்தல் பறித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முத்துலிங்கம் பள்ளத்துக்கு வந்தார். கையில் பட்டியல் இல்லை, ஒரு துணிப்பை இருந்தது. செருப்பில் சேறு ஒட்டாமல் வரம்பு வரம்பாகக் கால் வைத்து வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"வீட்டுல கேட்டாங்க. இந்த எலையில ஏதோ சத்து இருக்காம். கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா?"

"பறிங்கய்யா" என்றாள் மீனம்மா. புல் பிடுங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, கையைச் சேலையில் துடைத்தாள்.

அவர் குனிந்தார். வாழ்நாள் முழுக்கச் சாக்குகளில் கொழுந்தைத் தேடிய விரல்கள் வேறு எங்கே போகும்? நேராக உச்சிக்குப் போய், இளங்குருத்தை மொட்டோடு கிள்ளிப் பையில் போட்டன. மீனம்மா பக்கத்தில் வந்தாள். பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, அந்தக் குருத்தை வெளியே எடுத்து, அவருக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். பிறகு கீழே போட்டாள். மிதிக்கவில்லை.

"இது கழிவுங்கய்யா. நல்ல எலையாப் பாத்துப் பறிங்க."

முத்துலிங்கம் கீழே கிடந்த குருத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு செடியின் அடிக்குக் கையைக் கொண்டுபோய், முத்தின இலை ஒன்றைக் காம்போடு ஒடித்து, சரியா என்று கேட்கிற மாதிரி அவளிடம் நீட்டிக் காட்டினார். மீனம்மா தலையசைத்தாள்.

"சரிங்க" என்றார் கண்டாக்கு.